கேட்காமல் அழித்துவிடுங்கள்

‘அடுக்கு’க் கருவி இனிமேல் உங்கள் பொறுப்பு. யார் அனுப்பும் திருத்தத்தைச் சேர்ப்பது, யாருடையதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவுசெய்கிற உரிமை என் பெயரிலிருந்து கழன்று உங்கள் பெயர்களுக்குப் போய்விட்டது. ஆனாலும் காலையில் எழுந்ததும் கை தானாகப் போய் அந்தப் பக்கத்தைத் திறக்கிறது. திறந்த பிறகுதான் எனக்கு அங்கே வேலை இல்லை என்பது உறைக்கிறது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிக்கொண்டே இருக்குமே, அப்படி.

நிரல் எழுதுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என்னைவிட நன்றாக எழுதுகிறீர்கள். எழுதியது ஊருக்குள் போன பிறகு, ஒரு மத்தியானம் போன் கையில் கனக்கும், அப்போது என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். அதற்கு விதிமுறை எதுவும் எனக்குத் தெரியாது. நடந்த ஒன்று தெரியும்.

செக்காலை ரோட்டுப் பக்கம் மாடியில் கணினி மையம் வைத்திருந்த காலம் அது. படியேறி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டு ஆள் வெளிநாட்டில் இருப்பார். விசாப் படிவம் நிரப்ப வந்தவர்கள் போகிறபோது தயங்கித் தயங்கிப் போனை நீட்டுவார்கள். “இடமில்லை இடமில்லைங்குதும்மா. எல்லாம் அவுக பேசி அனுப்புனது. அழிக்க மனசு வரலை.” வாங்கிப் பார்த்தால் குரல் செய்திகள் நெல்லைக் கொட்டின மாதிரிக் குவிந்து கிடக்கும். எது யாருடையது, எது எதற்குப் பதில், ஒன்றும் தெரியாது. அதை ஆள்வாரியாக, நாள்வாரியாகப் பிரித்து வைக்க ஒரு சின்னக் கருவி எழுதினேன். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ‘அடுக்கு’ என்று தட்டினால் அடுக்கும். அவ்வளவுதான். யாரும் எடுத்துக்கொள்ளட்டும், யாரும் திருத்தட்டும் என்று இணையத்தில் திறந்துவைத்தேன்.

ஆட்கள் வந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. முகம் தெரியாதவர்கள். வளைகுடாவில் தொழிலாளர் கேம்ப் அறைக்கு ஷிப்ட் முடிந்து வந்து, சட்டை மாற்றாமல் உட்கார்ந்து ஒரு வரியைத் திருத்தி அனுப்புகிறவர்கள். சம்பளம் இல்லை, பாராட்டு விழா இல்லை. “இந்த எடத்துல தடுக்குது, சரி பண்ணிட்டேன், பாருங்க” என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே காலை டீ ஆறிப்போகும். ஆறின டீயின் ருசிதான் எனக்கு அந்த வருடங்களின் ருசி.

அவர்களில் ஒருவர் ‘சுக்கான்’ என்ற பெயரில் வருவார். பினாங்கில் மகன் வீட்டில் இருக்கிற பெரியவர், முன்னால் கப்பலில் வேலை பார்த்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எந்த ஊர், எந்த வீடு, எதுவும் சொன்னதில்லை. யார் எது அனுப்பினாலும் முதல் ஆளாகத் தன் கணினிக்கு இறக்கி ஓட்டிப் பார்ப்பார். ‘ஓடுது’ அல்லது ‘ஓடலை’. ஒரு சொல். மறு சொல் கிடையாது.

இன்னொருத்தி நஸ்ரின். அவள் பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். “மறைச்சா யாரு யாருன்னு தேடுவாக. இருக்கட்டும்க்கா” என்றாள். காரைக்குடியில் கல்யாணமாகிக் கூட்டுக் குடும்பத்தில் இருந்தாள். கணவர் குவைத்தில். மாமியார், கொழுந்தன், நாத்தனார், எல்லாருடைய பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். கொழுந்தனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் அவளுக்கும். செருகினால் உயிர், பிடுங்கினால் பிணம். அதில் எதையும் நிறுவ முடியாது. ப்ரவுசர் மட்டும் திறக்கும்.

அதனால் அவள் கிளவுட் ஒர்க்ஸ்பேஸில் வேலை செய்தாள். உங்களில் பலர் இப்போது அப்படித்தான் செய்கிறீர்கள். கணினி எங்கோ ஒரு நாட்டில் இருக்கும். நமக்கு இங்கே ப்ரவுசரில் ஒரு ஜன்னல். நாம் உள்ளே போனால் விழித்துக்கொள்ளும், வெளியே வந்துவிட்டால் தூங்கிவிடும். கண்டனூர்ப் பக்கம் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீடுகள் மாதிரி. நம் வீடு பூட்டியே பல வருடம் கிடக்கும், இது ரொம்ப நாள் திறக்காவிட்டால் இடித்தே விடுவார்கள், வித்தியாசம் அதுதான்.

“அக்கா, இதுக்குக் கதவு தாழ்ப்பாள்னு ஒண்ணும் இல்ல, ஆனா ஒருத்தரும் எட்டிப் பாக்க முடியாது” என்றாள் ஒரு நாள் போனில். “பொறந்த வீட்டுலயும் எனக்குன்னு ரூம் இருந்ததில்ல, வந்த வீட்டுலயும் இல்ல. இப்பத்தான் ஒண்ணு கெடச்சிருக்கு.”

“வாடகை?”

“மாசத்துக்கு இம்புட்டு மணி நேரம்னு சும்மா குடுக்கிறான். அதுக்குள்ள குடும்பம் நடத்திக்கிறேன்.”

நான் சிரித்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நிரலோடு நிரலாக அந்த அறையில் நோன்புக் கஞ்சிக்கு அளவு இருந்தது, மகளுக்கு ஊசி போட்ட விவரம் இருந்தது, கணவர் பேசி அனுப்பியதும் அவள் பேசி அனுப்பியதுமான குரல் செய்திகள் அத்தனையும் இருந்தன. போனில் வைத்துக்கொள்ள முடியாது. அந்த வீட்டில் போன் சொம்பு மாதிரி, கைக்குக் கை மாறும். “ஒனக்கு மட்டும் ஏன் புள்ள இம்புட்டு நீளமாப் பேசுறான், எனக்கு சலாம் சொன்ன கையோட வச்சிர்றான்” என்று மாமியார் கேட்பாராம். ஆகவே போனிலிருந்து எடுத்து, அறையில் போட்டு, போனில் அழித்துவிடுவாள்.

அப்போது ‘அடுக்கு’க்கு ஒரு நோய் இருந்தது. இங்கிருந்து கேள்வி போகும், குவைத்திலிருந்து பதில் வரும். அங்கே கடிகாரம் நமக்குப் பின்னால் ஓடுகிறதா, கருவி பதிலை முதலில் வைத்துக் கேள்வியை அப்புறம் வைக்கும். ‘சரி, அனுப்பி வைக்கிறேன்’ என்று அவர் சொல்லிவிடுவார், அதற்குப் பிறகு இவள் ‘மகளுக்குச் செருப்பு வேணும்’ என்பாள். நஸ்ரின் அதைச் சரி செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். எல்லாருக்கும் எழுதுகிற மாதிரி அவளுக்கும் எழுதினேன்: உண்மையான பேச்சில் ஓட்டிப் பாருங்கள், செயற்கை மாதிரியில் இந்தக் கோளாறு பிடிபடாது.

உண்மையான பேச்சு அவளிடம் வேறு எது இருக்கும்? தன்னுடையதில் ஓட்டிப் பார்த்தாள். கேள்வி மேலே, பதில் கீழே, வரிசையாக நின்றது. அந்தச் சந்தோஷத்தில், ஓரத்தில் இருக்கிற ‘எல்லாவற்றையும் சேர்’ பொத்தானை அமுக்கிப் பொதுவுக்கு அனுப்பிவிட்டாள். நிரலோடு சேர்ந்து அறையில் இருந்த குரல்களும் தெருவுக்கு வந்துவிட்டன.

அது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நான் ஆத்தங்குடியில், வீட்டுக்குத் தரைக்கல் போடச் சொல்ல ஒரு பட்டறையில் நின்றிருந்தேன். போனில் அவள் திருத்தம் வந்த அறிவிப்பு. கூடவே ‘மாதிரிகள்’ என்ற கோப்புறை. நல்ல பிள்ளை, சொன்னபடி மாதிரியும் வைத்திருக்கிறாளே என்று ஒன்றைத் தொட்டேன்.

“மச்சான், வேலை போனத மாமிகிட்ட இன்னும் சொல்லலை. நாத்தனாருக்கு நிக்காஹ் முடியிற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்னு நீங்கதானே…”

நிறுத்தினேன். மாதிரி இல்லை இது, நஸ்ரினின் சொந்தக் குரல். எனக்கு முன்னால் கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, கையில் கரண்டியோடு மேஸ்திரி நின்றிருந்தார்.

“பூவுக்கு என்ன கலரு தாயி? கலவை காயுது.”

“ஒரு நிமிசம் இருங்கண்ணே.”

“செகப்பா, பச்சையா?”

“எதையாவது ஊத்துங்க.”

“எதையாவது ஊத்துறதுக்கு இது என்ன சாம்பாரா?”

அதற்குள் நான் தெருவுக்கு ஓடியிருந்தேன். பட்டறைக்குள் சிக்னல் நிற்காது. (அவர் பச்சை ஊற்றினார். நான் நினைத்துப் போனது சிவப்பு. பச்சையும் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.)

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த நேரத்தில் என் முன் இரண்டு வழிகள் இருந்தன. அவள் அனுப்பிய திருத்தம் திட்டத்தில் ஒரு தனிக் கிளையாகத்தான் நின்றது, அந்தக் கிளையை மட்டும் சத்தமில்லாமல் வெட்டிவிடலாம். வெட்டினாலும் அதன் சுவடு அங்கங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும், வழி தெரிந்தவர் எடுத்துவிடுவார். அல்லது மொத்தத் திட்டத்தையும் பொதுவிலிருந்து மூடலாம். மூடினால் எங்கெங்கோ அடுக்கை இறக்கிக்கொண்டிருக்கிறவர்களுக்கெல்லாம் வேலை நின்றுபோகும், கேள்வி வரும். கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடினேன். புளியமர நிழலில், போன் ப்ரவுசரில், எழுத்தெல்லாம் கடுகளவு தெரிய, மூடினேன். கூட்டம் கூடிய பிறகு மூடுவதைவிட முதல் ஆள் எட்டிப் பார்க்கும்போதே மூடுவது சுலபம். தப்பாக மூடியிருந்தால் திறந்துகொள்ளலாம். தப்பாகத் திறந்திருந்ததைப் பின்னால் போய் மூட முடியாது.

அப்புறம் நஸ்ரினைக் கூப்பிட்டேன். பின்னால் தட்டுச் சத்தம். ஜும்ஆ முடிந்து ஆண்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம்.

“அக்கா, சோறு வச்சிக்கிட்டு இருக்கேன், அப்பறமாப் பேசட்டா? ஓடுச்சா?”

“ஓடுச்சு. நான் சொல்றத மட்டும் கேளு, பதில் பேசாத. உன் ரூம்ல இருந்த பேச்செல்லாம் வெளிய வந்திருச்சு. நான் கதவச் சாத்திட்டேன். நீ எதையும் தொடாத.”

தட்டுச் சத்தம் நின்றது. பிறகு மாமியார் குரல், தூரத்தில்: “யாரு புள்ள?”

“கம்ப்யூட்டர் அக்கா, மாமி.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஏன் போன்ல பேசுறாக? சாப்பிட வரச் சொல்லு.”

“வரச் சொல்றேன் மாமி” என்றாள் நஸ்ரின். அந்தக் குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பிறகு வேறு எங்கோ நகர்ந்து, ரகசியமாக: “அக்கா, நான் ஒர்க்ஸ்பேஸையே அழிச்சிர்றேன். மொத்தமா. இப்பவே.”

“அழிக்காத.”

“வேணாம்க்கா எனக்கு.”

“நஸ்ரின், அந்தக் குரலெல்லாம் போன்ல இருக்கா?”

“இல்ல.”

“வேற எங்கயாவது?”

“இல்ல.”

“அப்ப அழிச்சா அவுக பேசினது உனக்கு மட்டுந்தான் இல்லாமப் போகும். தெருவுல கெடக்கிறது அதால போகாது. தெருவ நான் பாத்துக்கிறேன். ரூம் உன்னோடது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். தப்பு நடந்த அடுத்த நொடி கை எதையாவது அழிக்கத் தேடும். அழித்தால் சுத்தமாகிவிட்டது போல இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் தப்பே செய்யாத பொருளாகத்தான் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு வேலைதான். கடினமான வேலை.

சாயங்காலம் ஜெராக்ஸ் எடுக்கணும் என்று வீட்டில் சொல்லிவிட்டு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். பிள்ளைக்கு ஒரு பழைய கீபோர்டைக் கொடுத்து உட்கார வைத்தேன், தட்டிக்கொண்டே இருந்தது. விஷயம் முழுவதையும் அப்போதுதான் சொன்னாள். குவைத்தில் கணவருக்கு வேலை போய்விட்டது. நாத்தனாருக்கு இடம் பேசி முடிக்கிற தறுவாய். அண்ணன் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார் என்பதும் அந்தப் பேச்சில் ஒரு தூண். தூண் விழுந்தது தெரிந்தால் எதிலே போய் நிற்கும் என்று இருவரும் பயந்து மூடி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் வேறு ஒரு ஆளுக்கும் தெரியாது.

“மாப்பிள்ளைக்கு எங்க வேலை?” என்று கேட்டேன்.

“பினாங்குல” என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுக்குக்கு வேலை செய்கிறவர்களின் குழுவில் ஏற்கெனவே கேள்விகள் வந்துவிட்டன. என்ன ஆச்சு, ஏன் சாத்தியிருக்கு, யாராவது புகுந்துட்டானா. பதில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

“மாதிரிக் கோப்பு பழுதாயிருச்சு, புதுசா இறக்கிக்கங்கன்னு போடுங்கக்கா. அதோட முடிஞ்சிரும்.”

“பழுதுன்னு போட்டா நம்ம ஆளுக என்ன செய்வாக?”

யோசித்தாள். “தொறந்து பாப்பாக. என்ன பழுதுன்னு.”

“சரி பண்ணி வேற அனுப்புவாக.”

நம் கூட்டத்தின் குணம் அது. நல்ல குணம்தான். ஓட்டை என்று சொன்னால் அடைக்க ஓடி வருகிற ஆட்கள். அவர்களிடம் போய்ப் பொய்யாக ஓட்டை என்று சொன்னால், இல்லாத ஓட்டையைத் தேடி உள்ளே போய்விடுவார்கள்.

“உண்மையப் போட்டா மட்டும் தொறக்க மாட்டாகளா?” என்றாள்.

“தெரியாது.”

“தெரியாதுங்கிறீகளே.”

“தெரியாதத தெரியும்னு சொல்லவா? இம்புட்டு நாளா இவுகளோட வேலை பாத்திருக்கேன். ஒருத்தர் முகமும் தெரியாது. இவுக கை தெரியும். எழுதுற வரி தெரியும். அத வச்சு எனக்குத் தோணுறதச் சொல்றேன். முடிவு உன்னோடது. உன் பேச்சு, உன் வீடு.”

கீபோர்டைத் தட்டுகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “போடுங்க” என்றாள். “ஆனா என் பேரப் போடாதீக.”

போட்டேன்: ‘இன்று மத்தியானம் வந்த கிளையில் ஒரு குடும்பத்தின் சொந்தப் பேச்சு தவறிச் சேர்ந்துவிட்டது. யாராவது இறக்கியிருந்தால், கேட்காமல் அழித்துவிடுங்கள். அழித்ததும் ஒரு வரி போடுங்கள்.’

பெயரைப் போடாவிட்டாலும் கிளை யாருடையது என்று கவனித்தவர்களுக்குத் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கே பதில்கள் வரத் தொடங்கின. ‘கேட்காமல் அழித்தேன்.’ ‘நான் இறக்கவே இல்லை, இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிட்டேன், இல்லை.’ ‘கேட்கவில்லை. அழித்தாயிற்று. குப்பைக்கூடையிலும் காலி.’ ஒருவர் தன் ஊர் நூலகத்துக் கணினியில் இறக்கியிருந்தாராம். அதை அழிப்பதற்காகவே திரும்ப பஸ் ஏறிப் போனதாக எழுதியிருந்தார். நஸ்ரின் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு எனக்கு அனுப்புவாள், நான் பார்க்காதது மாதிரி.

சுக்கானிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

எதற்கும் முதல் ஆளாக வருகிறவர். மூடுவதற்கு முன்பே அந்தக் கிளையின் கீழே ‘ஓடுது’ என்று போட்டிருந்தவர். ஆகவே இறக்கியது உறுதி. மறுநாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

“பினாங்குல இருக்கிற நம்ம ஊரு ஆளுக எல்லாம் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவுகளாத்தான் இருப்பாக” என்றாள் நஸ்ரின். “ஒரு டீக்கடை போதும்க்கா.”

அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதினேன். எழுதி அழித்தேன். திரும்ப எழுதினேன். எப்படி எழுதினாலும் அது ஒரு குற்றச்சாட்டாகத்தான் நின்றது. ‘நீங்கள் இன்னும் சொல்லவில்லை’ என்பதற்கு ‘நீங்கள் கேட்டுவிட்டீர்கள்’ என்றுதான் அர்த்தம். எல்லாரையும் நம்புகிறேன் என்று பொதுவில் சொல்லிவிட்டு ஒருவரை மட்டும் தனியே கூப்பிட்டு விசாரிப்பது எப்படி? அனுப்பவில்லை. அது சரியா தப்பா என்று அந்த நாட்களில் எனக்குத் தெரியாது. நஸ்ரினுக்கு நான் கொடுத்த கஷ்டங்களில் அந்த மௌனமும் ஒன்று.

அவள்தான் முடிவெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். வேலை போனதை, மறைத்ததை, குரல் வெளியே போனதை, எல்லாவற்றையும்.

“நான் சொன்னா அது வீட்டுப் பேச்சு, வெளிய இருந்து வந்தா ஊருப் பேச்சு” என்றாள் என்னிடம்.

“என்ன சொன்னாக?”

“கையில இருந்த மொறத்தக் கீழ வச்சாக. அப்பறம், எத்தன நாளாத் தெரியும்னாக. நோம்புக்கு முந்தின்னேன். ‘நோம்பு பூரா எங்கூட ஒக்காந்து கஞ்சி குடிச்சியே, ஒரு நாளு வாயத் தொறந்தியா’ன்னு கேட்டாக. அதுக்கப்பறம் எங்கூடப் பேசலை. சோறு மட்டும் வாங்கிக்கிறாக.”

வேலை போனதற்கு அவர் கோபப்படவில்லை. தன்னை வெளியே நிறுத்தி வைத்ததற்குத்தான். மூன்றாம் நாள் அவரே மாப்பிள்ளையின் தாயாருக்குப் போன் போட்டு, மகனுக்கு இப்போது வேலை இல்லை என்று தன் வாயால் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள் அந்தப் பக்கம். யோசித்தார்கள், ரொம்ப நாள் யோசித்தார்கள். நிக்காஹ் தள்ளிப்போய், நஸ்ரின் கணவர் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நடந்தது. அதே மாப்பிள்ளைதான். நானும் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

ஆனால் சுக்கான் கூப்பிட்டது அதற்கெல்லாம் முந்தி. மாமியார் பேசாமல் இருந்த அந்த வாரத்தில் ஒரு காலை, டீயை எடுத்து வைத்திருக்கிறேன், மலேசிய எண்ணிலிருந்து அழைப்பு. அதுவரை நான் கேட்டிராத குரல்.

“நாந்தான் சுக்கான். ஒரு வரி போடச் சொன்னீக தாயி. எனக்குப் போட முடியலை.”

தேவகோட்டைப் பக்கத்துப் பேச்சு. அல்லது அதற்கு ரொம்பக் கிட்டத்தில்.

“எல்லாரும் கேக்காம அழிச்சேன்னு போட்டிருக்காக. நீங்க எழுதுறதுக்கு முந்தியே நான் ஒண்ணத் தொறந்துட்டேன். மாதிரின்னுதானே இருந்துச்சு, சத்தம் தெளிவா வருதான்னு பாப்போமேன்னு. சலாம் வந்துச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும். அடுத்த சொல்லு வந்திருச்சு.”

நான் டீயைத் தள்ளி வைத்தேன்.

“‘சாப்பிட்டீகளா’ன்னு கேட்டுச்சு அந்தப் புள்ள. என் வீட்டுக்காரி போனதுக்கப்பறம் இங்க வந்தேன். மருமக சீனத்துப் பொண்ணு, தங்கமான புள்ள, நேரத்துக்கு வச்சிரும். ஆனா அந்தச் ‘சாப்பிட்டீகளா’வ இழுத்துக் கேக்க இங்க ஆளில்ல. நான் அத நிறுத்திட்டு, திரும்ப ஒரு தடவ வச்சுக் கேட்டேன். அந்த ஒரு சொல்ல மட்டும். அதுக்கு மேல என்ன பேசிருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் அழிச்சாச்சு. ஆனா கேக்காம அழிச்சேன்னு எப்புடித் தாயி போடுறது? பொய்யில்ல?”

“ஒண்ணுமில்லய்யா” என்றேன்.

“அந்தப் புள்ளகிட்ட நீங்க சொல்லணும். சொல்லாம விட்டுராதீக. அது பேச்ச ஒருத்தன் கேட்டிருக்கான்னு அதுக்குத் தெரியணும்ல.”

சொல்லாமல் விடலாம் என்று எனக்குத் தோன்றியது, ஒளிக்கவில்லை. ‘எல்லாரும் அழித்துவிட்டார்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் அவளைத் தூங்க விட்டிருக்கலாம். அவர் கேட்டுக்கொண்டதை நான் மீறினால், அத்தனை நாள் அவர் வாய் திறக்காமல் அவஸ்தைப்பட்டதற்கு அர்த்தமே இல்லை. சொன்னேன். அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

நஸ்ரின் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“எத்தன தடவ கேட்டாகளாம்?”

“திரும்ப ஒரு தடவ. அந்தச் சொல்ல மட்டும்.”

“எந்த ஊராம் அவுகளுக்கு?”

“கேக்கலை.”

“கேட்டிருக்கலாம்ல” என்றாள். கோபமா இல்லையா என்று பிடிபடவில்லை. வைத்துவிட்டாள்.

திட்டத்தைக் கழுவித் துடைத்து மறுபடி திறக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. இணையதளத்தாருக்கு எழுதி ஒட்டிக்கிடந்த சுவடுகளையும் எடுக்கச் சொல்லி, அவர்கள் எடுத்த பிறகுதான் திறந்தேன். நஸ்ரின் தன் குரல்களையெல்லாம் அறையிலிருந்து ஒரு பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டாள் என்று தெரியும். அதோடு போய்விடுவாள் என்று நினைத்தேன். போனாலும் குறை சொல்வதற்கில்லை.

ஒரு புதன்கிழமை அவள் பெயரில் ஒரு திருத்தம் வந்தது. கடிகாரக் கோளாறைச் சரி செய்த அதே நிரல், சுத்தமாக. மாதிரிகள் கோப்புறையில் இந்தத் தடவை ஒரே ஒரு குரல் கோப்பு. அதன் கீழே குறிப்பு: ‘இது பொதுவுக்கென்றே பேசியது. யாரும் கேட்கலாம்.’

தொட்டேன். வீட்டுச் சத்தம் எதுவும் பின்னால் இல்லை. எங்கோ கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறாள்.

“சாப்பிட்டீகளா?”

அவ்வளவுதான்.

சேர்க்கப் போனால் சோதனை தோற்றது. தோற்கத்தானே செய்யும். கேள்வியும் பதிலும் வரிசையாக நிற்கின்றனவா என்று பார்க்கிற சோதனை அது, கேள்வி மட்டும் தனியாக நிற்கிறது. ‘பதில் கோப்பு காணப்படவில்லை’ என்று சிவப்பில் ஒரு வரி. அவள் அறியாமல் விட்ட குறையா, அறிந்தே விட்டதா என்று நான் கேட்கவில்லை. சேர்க்காமல் அப்படியே திறந்து வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் அதன் கீழே சுக்கான் வந்திருந்தார். ‘ஓடுது’ இல்லை, ‘ஓடலை’யும் இல்லை. பினாங்குக் கடிகாரத்தின் நேரம் பதிந்த ஒரு குரல் கோப்பை இணைத்திருந்தார். தொண்டையைச் செருமுகிற சத்தம், பிறகு, “சாப்பிட்டேன் தாயி.”

இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். கருவி அங்கத்து நேரத்தையும் இங்கத்து நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, கேள்வியை மேலே வைத்தது. பதிலை அதற்கு நேர் கீழே வைத்தது.